ரோபோவுக்குப் பெயர் வைத்த மனிதர்



ரோபோ என்ற சொல்லைக் கேள்விப்படாதவர் இன்று நம்மில் யாராவது உண்டா? கார் தொழிற்சாலையில் இரும்புத் தகட்டைப் பற்றவைப்பது ரோபோ. கடைத்தெருவில் வாங்கித்தரச் சொல்லிப் பிள்ளை அடம்பிடிக்கிற பொம்மை ரோபோ. சில சாப்பாட்டுக் கடைகளில் தட்டைச் சுமந்துகொண்டு மேசைக்கு வருவதும் ரோபோதான். வாய்க்கு வாய் சொல்கிறோம். ஆனால் அந்தச் சொல் எங்கே பிறந்தது, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் முழிக்கிறோம்.

அது ஆங்கிலச் சொல் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? இல்லை. அது செக் மொழிச் சொல். அதன் வேர் ரோபோட்டா. ரோபோட்டா என்றால் எந்திரமும் இல்லை, இரும்பும் இல்லை. கூலி இல்லாத கட்டாய வேலை. பொஹேமியா நாட்டுக் குடியானவன் வாரத்தில் இத்தனை நாள் என்று கணக்கு வைத்துத் தன் பிரபுவின் நிலத்தில் போய்ச் சும்மா உழைத்துக் கொடுக்கவேண்டும். நம் பெரியவர்கள் வெட்டி வேலை என்று சொல்வார்களே, அதேதான். 1848-ஆம் ஆண்டில்தான் அந்தக் கொடுமை சட்டப்படி ஒழிந்தது. ஒழிந்து எழுபத்திரண்டு ஆண்டு கழித்து, அந்தச் சொல்லை எடுத்து ஒரு நாடகத்தில் வைத்து உலகத்துக்கே கொடுத்தார் ஓர் எழுத்தாளர்.

அவர் பெயர் காரல் சாப்பெக். அறிவியல் கற்பனைக் கதைகளைச் சிரிக்கச் சிரிக்க எழுதியவர். சிரித்து முடித்தபின் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிற மாதிரி எழுதியவர். அவருடைய வாழ்க்கையைத்தான் இந்தப் பக்கங்களில் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

வைத்தியர் வீட்டுப் பிள்ளை

1890-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள், பொஹேமியாவின் வடகிழக்கு மலையோரத்தில் மாலே ஸ்வாடோனோவிட்சே என்ற சிற்றூரில் பிறந்தார் காரல். அப்போது பொஹேமியா தனி நாடு அல்ல. ஆஸ்திரிய ஹங்கேரி சாம்ராஜ்யத்தின் ஒரு பகுதி. அப்பா அந்தோனின் ஒரு கிராமத்து டாக்டர். அம்மா பொஷேனா நாட்டுப்புறக் கதைகளையும் பாட்டுகளையும் தேடித் தேடிச் சேர்த்தவர். வீட்டில் மூன்று பிள்ளைகள். அக்காள் ஹெலேனா, அண்ணன் யோசெப், கடைக்குட்டி காரல்.

அப்பா வைத்தியம் பார்த்தது யாருக்கு? சுரங்கத் தொழிலாளிகளுக்கும் நெசவாலைத் தொழிலாளிகளுக்கும். கரி படிந்த முகமும் பஞ்சு படிந்த தலையுமாக வருகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தான் பையன். உழைக்கிறவர்களின் உடம்பு என்ன பாடுபடும் என்பதை அவனுக்கு யாரும் பாடம் நடத்தவேண்டியிருக்கவில்லை. அம்மாவழிப் பாட்டி ஒருவர் இருந்தார். கிராமத்துப் பேச்சும் பழமொழியும் சொலவடையும் அவர் வாயில் தண்ணீர்பட்ட பாடு. பிற்காலத்தில் காரலின் எழுத்தில் படித்தவரும் படிக்காதவரும் ரசித்த அந்த எளிய செக் மொழி, பாதி இந்தப் பாட்டி போட்ட பிச்சை என்றே சொல்லலாம். வீட்டில் பாட்டி பேசும் மொழியை மட்டமாக நினைக்கிற பிள்ளைகள் இதைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும்!

அண்ணன் யோசெப் நெசவுப் பள்ளியில் படித்து ஆலையிலும் வேலை செய்தவர். பிறகு ஓவியரானார். மூன்று வயது மூத்த இந்த அண்ணனும் தம்பியும் கடைசிவரை இரட்டை மாடுகள் மாதிரி. சேர்ந்தே எழுதினார்கள். பிராக் நகரில் ஒட்டினாற்போல் ஒரே கூரையின்கீழ் இரண்டு வீடு கட்டிக் குடியிருந்தார்கள். அந்தத் தெருவுக்கே இன்று சாப்பெக் சகோதரர்கள் பெயர்தான்.

பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பப்பட்ட மாணவன்

காரல் படிப்பில் கெட்டி. ஆனாலும் ஹ்ராடெட்ஸ் கிராலோவே என்ற ஊரில் படித்துக்கொண்டிருந்தபோது பள்ளியை விட்டு வெளியேற நேர்ந்தது. அரசாங்கத்துக்குப் பிடிக்காத ஒரு ரகசிய மாணவர் சங்கத்தில் சேர்ந்திருந்தது வெளியே தெரிந்துவிட்டது. அப்போது வயது பதினைந்து. அத்தோடு படிப்பு போச்சு என்று மூலையில் உட்கார்ந்தாரா? இல்லை. புரூனோ நகரில் இருந்த அக்காள் பக்கம் போய் அங்கே படிப்பைத் தொடர்ந்தார். பிறகு பிராக், பெர்லின், பாரிஸ் என்று படித்து 1915-இல் தத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

இதற்குள் இன்னொரு சோதனை வந்தது. முதுகெலும்பைப் பிடித்த ஒரு நோய். இளம் வயதிலேயே கழுத்தையும் முதுகையும் தாராளமாகத் திருப்ப முடியாதபடி விறைத்துக்கொண்டது. கையில் தடி ஏறியது. முதல் உலகப்போருக்கு அவர் வயதுப் பையன்களெல்லாம் வண்டி வண்டியாகப் போனார்கள். பலர் திரும்பவில்லை. இவரை மட்டும் உடம்பைப் பார்த்துவிட்டுப் பட்டாளத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வலி அவரைவிட்டு நீங்கவில்லை. ஆனால் அவர் எழுத்தைப் படிக்கிறவர்கள் அந்த வலியைக் கண்டுபிடிக்கவே முடியாது. அப்படி ஒரு சிரிப்பு!

1917-இல் பத்திரிகைத் தொழிலில் இறங்கினார். 1918-இல் சாம்ராஜ்யம் உடைந்து செக்கோஸ்லோவாகியா என்ற புதிய குடியரசு பிறந்தது. 1921 முதல் சாகும்வரை லிடோவே நோவினி என்ற நாளிதழில் வேலை. அந்தப் பெயருக்கு மக்கள் பத்திரிகை என்று அர்த்தம். நாய், பூனை, தோட்டச் செடி, ஜலதோஷம், அரசியல் என்று எதைப் பற்றியும் எழுதுவார். அவர் எழுதிய பெரிய நாவல்களில் சில அந்தப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்தவைதான்.

வாயில் தூரிகையோடு பிறந்த சொல்

1920-இல் ஒரு நாள். காரலுக்கு ஒரு நாடகத்துக்கான கரு தோன்றியது. சூடு ஆறுவதற்குள் அண்ணனிடம் ஓடினார். யோசெப் படம் வரைந்துகொண்டிருந்தார். வாயில் ஒரு தூரிகை. செயற்கையாக உண்டாக்கிய தொழிலாளிகளைப் பற்றி ஒரு நாடகம் எழுதப்போவதாகத் தம்பி சொன்னார். என்ன பெயர் வைப்பது என்றுதான் தெரியவில்லை, உழைப்பு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து லபோரி என்று வைக்கலாமா என்றால் அது ரொம்பப் புத்தக வாடை அடிக்கிறதே என்று குறைப்பட்டுக்கொண்டார். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாயிலிருந்த தூரிகையை எடுக்காமலே ரோபோட் என்று வையேன் என்று முணுமுணுத்துவிட்டுப் படத்தைத் தொடர்ந்தார். அவ்வளவுதான். உலகம் முழுக்கப் பரவிய ஒரு சொல் பிறந்துவிட்டது! ரோபோட்தான் நம் வாயில் ரோபோ ஆனது. பெருமையெல்லாம் தன் பெயருக்கு வந்தபோது, இந்தச் சொல் தன்னுடையதல்ல, அண்ணன் கொடுத்தது என்று 1933-இல் காரலே பத்திரிகையில் எழுதி ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையையும் பாருங்கள்.

நாடகத்தின் பெயர் ஆர்.யூ.ஆர். ரோசும் என்பவரின் ரோபோ கம்பெனி என்பதன் சுருக்கம். அதிலும் ஒரு கேலி. செக் மொழியில் ரோசும் என்றால் அறிவு. அறிவு ஐயா நடத்துகிற கம்பெனி!

கதை என்ன? ஒரு தீவில் ஒரு தொழிற்சாலை. அங்கே ஆட்களைத் தயாரிக்கிறார்கள். இரும்பு ஆட்கள் அல்ல. தொட்டியில் மாவு பிசைவதுபோல் சதையைப் பிசைந்து, நூற்பாலையில் நூல் நூற்பதுபோல் நரம்பை நூற்று உண்டாக்குகிற ஆட்கள். பார்த்தால் மனிதனுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் தெரியாது. கம்பெனிக்காரர்களின் கணக்கு ரொம்ப எளிமையானது. தொழிலாளி பாட்டுப் பாடுகிறான், நாலு இடம் சுற்றப் போகிறான், சந்தோஷப்படுகிறான், அழுகிறான். இதெல்லாம் வேலைக்கு எதற்கு? வேண்டாததை எல்லாம் கழித்துவிட்டு, வேலை செய்யும் பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டால் அதுதான் மலிவான தொழிலாளி. அப்படிக் கழித்து மிச்சம் வந்ததுதான் ரோபோ.

தோட்டத்திலும் ஆலையிலும் உடம்பு நோக உழைத்த பெற்றோர்களே, இந்தக் கணக்கு உங்களுக்குப் புதிதா? பெரட்டுக் களத்தில் தலையை எண்ணும்போது, அந்தத் தலைக்குள் ஒரு பாட்டும் ஒரு கவலையும் ஒரு ஆசையும் இருக்கிறது என்று ஏட்டில் யார் எழுதினார்கள்?

நாடகத்தில் ரோபோக்கள் உலகமெங்கும் விற்கப்படுகின்றன. மனிதர்களுக்கு வேலையே இல்லை. சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பிள்ளை பிறப்பதும் நின்றுபோகிறது. ஹெலேனா என்ற பெண் ரோபோக்கள்மேல் இரக்கப்பட்டு அவர்களுக்கும் உணர்ச்சி வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். ஒரு விஞ்ஞானி அவள் பேச்சைக் கேட்டுச் சிலரை மாற்றிச் செய்கிறார். உணர்ச்சி வந்ததும் கோபமும் வருகிறது. ரோபோக்கள் கிளர்ந்தெழுந்து மனித குலத்தையே அழித்துவிடுகிறார்கள். ஒரே ஒருவரை மட்டும் உயிரோடு விடுகிறார்கள். அவர் பெயர் அல்குவிஸ்ட். கட்டட வேலைக்காரர். ஏன் அவரை மட்டும் விட்டார்கள் தெரியுமா? அந்தத் தீவிலே தன் கையால் வேலை செய்த மனிதர் அவர் ஒருவர்தான்!

நாடகம் அதோடு முடியவில்லை. தங்களை உண்டாக்கும் ரகசியம் எரிந்துபோனதால் ரோபோக்களும் அழியவேண்டிய நிலை. அப்போது ஓர் ஆண் ரோபோவும் ஒரு பெண் ரோபோவும் ஒருவர்மேல் ஒருவர் அன்பு வைக்கிறார்கள். ஒருவருக்காக மற்றவர் சாகத் தயாராக நிற்கிறார்கள். கிழவர் அல்குவிஸ்ட் அவர்களை வாழ்த்தி அனுப்புகிறார். மனிதனை மனிதனாக்குவது எது என்பதற்கு சாப்பெக் சொன்ன விடை அது.

1921 ஜனவரி 25-ஆம் நாள் பிராக் தேசிய நாடக அரங்கில் இது மேடையேறியது. 1922-இல் நியூயார்க், 1923-இல் லண்டன் என்று கடல் கடந்தது. சில ஆண்டுகளுக்குள் முப்பது மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1938 பிப்ரவரியில் பி.பி.சி. தொலைக்காட்சி இதன் ஒரு பகுதியை நடித்துக் காட்டியது. உலகத்தில் தொலைக்காட்சியில் வந்த முதல் அறிவியல் கற்பனைக் கதை அதுதான் என்று சொல்வார்கள்.

சிரிக்க வைத்த விஞ்ஞானம்

சாப்பெக்கின் மற்றக் கதைகளைக் கேளுங்கள்.

1922-இல் வந்தது 'அப்சலூட் தொழிற்சாலை'. அப்சலூட் என்றால் முழுமுதற் பொருள், பரம்பொருள். ஓர் எஞ்சினியர் அதிசய அடுப்பு ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். நிலக்கரியை அணுவரைக்கும் மிச்சமில்லாமல் எரித்துவிடும். ஆனால் ஒரு தொல்லை. எல்லாப் பொருளுக்குள்ளும் பரம்பொருள் இருக்கிறது அல்லவா? கரி எரிந்து தீர்ந்ததும் உள்ளே இருந்த பரம்பொருள் புகை மாதிரி வெளியே வந்துவிடுகிறது! அடுப்புப் பக்கத்தில் போனவனுக்கெல்லாம் பக்தி முற்றிவிடுகிறது. பேங்கில் வேலை செய்கிறவன் பணத்தை அள்ளி ஏழைகளுக்குக் கொடுக்கிறான். போதாக்குறைக்கு வெளியே வந்த பரம்பொருள் தொழிற்சாலைகளில் தானே வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது. சாமான்கள் மலைமலையாகக் குவிகின்றன. இனாமாகக் கிடைப்பதை யார் வண்டி வைத்து ஏற்றிக்கொண்டு போவார்கள்? ஒரு பக்கம் ஆணி மலை, இன்னொரு பக்கம் பட்டினி. கடைசியில் ஊரைக் காப்பாற்றியவன் யார்? பக்தி முற்றாமல், பைசாவுக்குப் பைசா பேரம் பேசிக் கிழங்கை விற்ற குடியானவன்! அப்புறம் என்ன, என் பரம்பொருள்தான் நிஜம், உன்னுடையது போலி என்று ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு சண்டை. உலகப்போர். கதை முடிவில், ஒரு சாதாரணச் சாப்பாட்டுக் கடையில் நாலு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒவ்வொருவனும் தன் கடவுளைப் பெரிதாக நம்புகிறான், பக்கத்து மனிதனை நம்பமாட்டேன் என்கிறான், அதுதான் வந்த வினை என்று தெளிகிறார்கள்.

அதே 1922-இல் 'மக்ரோபுலோஸ் விவகாரம்' என்ற நாடகம். முந்நூறு ஆண்டுக்குமேல் சாகாமல் இருக்கும் ஒரு பாடகி. அவளுக்கு எதுவும் இனிக்கவில்லை, எதுவும் கசக்கவில்லை. நீண்ட ஆயுள் வரமா சாபமா என்று கேட்கிற கதை. இதை யானாச்செக் என்ற பெரிய இசைமேதை இசைநாடகமாக்கினார்.

1924-இல் 'கிராக்கடிட்'. ஒரு பிடி பொடியால் ஊரையே தூளாக்கக்கூடிய வெடிமருந்தைக் கண்டுபிடித்தவனின் கதை. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது 1945-இல். இருபத்தோரு ஆண்டு முன்னாலேயே எழுதிவிட்டார் மனிதர்! அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1883-இல் வெடித்த கிராக்கட்டாவு எரிமலையிலிருந்து. ஆமாம், ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே, நம் பக்கத்துக் கடலில் இருக்கும் அதே எரிமலைதான்.

குழந்தைகளுக்கும் நிறைய எழுதினார். 1932-இல் ஒன்பது கதைகள் கொண்ட ஒரு புத்தகம் வந்தது. அதில் ஒன்று தபால்காரர் கதை. விலாசம் எழுதாத ஒரு காதல் கடிதத்தைச் சேரவேண்டியவளிடம் சேர்க்க ஓராண்டுக்குமேல் நடையாய் நடக்கிற தபால்காரர். 1933-இல் தன் வீட்டு நாய்க்குட்டி தாஷென்காவைப் பற்றி ஒரு புத்தகம். அதற்குப் படம் வரைந்ததும் போட்டோ எடுத்ததும் அவரே. தோட்டம் போடுவது அவருக்குப் பைத்தியம். அதைப் பற்றியும் தன்னையே கேலி செய்து ஒரு புத்தகம் எழுதினார்.

வெள்ளிக்கிழமை தோறும் அவர் வீட்டில் நண்பர்கள் கூடுவார்கள். எழுத்தாளர், பேராசிரியர், அரசியல்வாதி எல்லாரும் வருவார்கள். நாட்டின் முதல் ஜனாதிபதி மசாரிக்கும் வந்து உட்கார்ந்து பேசுவார். வண்டியோட்டியின் மகனாகப் பிறந்து ஜனாதிபதியான அந்தப் பெரியவரோடு பல ஆண்டுகள் பேசி, அதையும் புத்தகமாக்கினார் சாப்பெக்.

சுமத்ரா கரையில் தொடங்கும் கதை

சாப்பெக்கின் தலைசிறந்த நூல் எது என்று கேட்டால் பலரும் 1936-இல் வந்த 'சாலமாண்டர்களோடு யுத்தம்' என்றுதான் சொல்வார்கள். சாலமாண்டர் என்பது பல்லி உருவமுள்ள பிராணி. தண்ணீரிலும் கரையிலும் வாழும்.

இந்தக் கதை தொடங்கும் இடம் எது தெரியுமா? சுமத்ராவுக்கு மேற்கே உள்ள தானா மாசா தீவு! கப்பல் தலைவன் ஒருவன் முத்துத் தேடி அங்கே வருகிறான். ஊர்க்காரர்கள் பேய் இருக்கிறது என்று ஒதுங்கும் ஒரு குடாவில் பெரிய சாலமாண்டர்களைப் பார்க்கிறான். சாதுவான பிராணிகள். சொன்னால் புரிந்துகொள்கின்றன. சுறாமீனை விரட்டக் கத்தி கொடுக்கிறான். அவை முத்து எடுத்துத் தருகின்றன. இரண்டு தரப்புக்கும் லாபம்.

கப்பல் தலைவன் பிராக் நகருக்குப் போய் ஒரு பெரிய முதலாளியைப் பார்த்து உதவி கேட்கிறான். முதலாளி வீட்டு வாசற்காவலர் பொவோன்ட்ரா, இந்த முரட்டு ஆளை உள்ளே விடலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கதவைத் திறந்துவிடுகிறார். அவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வருவார்.

கப்பல் தலைவன் செத்ததும் வியாபாரம் மாறுகிறது. முத்து எதற்கு? இந்தப் பிராணிகளே சரக்கு! அணை கட்ட, துறைமுகம் வெட்ட, கடலில் மண் கொட்ட இதைவிட மலிவான கூலி எங்கே கிடைக்கும்? தரம் பிரிக்கிறார்கள். மேஸ்திரி வேலைக்கு ஒரு ரகம், பாரம் தூக்க ஒரு ரகம், சில்லறை வேலைக்கு ஒரு ரகம், ஒன்றுக்கும் உதவாத கழிசல் ரகம். விலைப் பட்டியல் பத்திரிகையில் வருகிறது. கப்பல் கப்பலாக அடைத்து அனுப்புகிறார்கள். வழியில் செத்தவை நஷ்டக் கணக்கில். மாணவர்களே, கடல் கடந்து கூலிகளை ஏற்றிவந்த கப்பல்களின் கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு இந்தப் பகுதியைப் படித்துப் பாருங்கள். சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

லண்டன் மிருகக்காட்சிசாலையில் ஒரு சாலமாண்டர் காவலாளியிடம் பேசவும் பேப்பர் படிக்கவும் பழகிக்கொள்கிறது. அறிஞர்கள் வந்து பரிசோதிக்கிறார்கள். அதற்கு எது தெரியும்? பேப்பரில் வந்ததெல்லாம் தெரியும். பேப்பரில் வராத எதுவும் தெரியாது! மனிதர்களில் பாதிப்பேர் நிலைமையும் அதுதானே என்று நமக்குத் தோன்றவேண்டும் என்பதற்காக எழுதிய இடம் அது.

பிறகு ஒவ்வொரு நாடும் தன் கடற்கரையைக் காக்கச் சாலமாண்டர்களுக்கே ஆயுதம் கொடுக்கிறது. அவை பெருகிப் பெருகி மனிதர்களின் தொகையை மிஞ்சுகின்றன. வாழ ஆழமில்லாத கடற்கரைத் தண்ணீர் போதவில்லை. நிலத்தை வெடிவைத்துக் கடலாக்கத் தொடங்குகின்றன. அவற்றின் தலைவன் வானொலியில் மரியாதையாகவே அறிவிக்கிறான். நிலத்தை விலைக்கே கேட்கிறான். மனிதர்களோ மாநாடு கூட்டுகிறார்கள், பேசுகிறார்கள். பேசிக்கொண்டே இன்னொரு கையால் அதே சாலமாண்டர்களுக்கு வெடிமருந்தும் விற்கிறார்கள். வியாபாரம் இல்லையா!

கடைசியில் ஒரு நாள் பொவோன்ட்ரா, இப்போது கிழவர், பிராக் நகர் ஆற்றங்கரையில் மகன் மீன் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தண்ணீரில் ஒரு கறுத்த தலை தெரிகிறது. கடலே இல்லாத அந்த நாட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கிழவர் அப்படியே ஒடிந்துபோகிறார். அன்றைக்கு அந்தக் கதவை நான் திறக்காமல் இருந்திருந்தால் என்று புலம்புகிறார். முதலாளிகளும் மந்திரிகளும் தளபதிகளும் செய்த வினைக்கு ஒரு வாசற்காவலர் மட்டும் மனசாட்சியோடு அழுகிறார்.

அது 1936. பக்கத்து நாடான ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி. கேட்டதைக் கேட்டபடி கொடுத்தால் அடங்கிவிடுவான் என்று பெரிய நாடுகள் நினைத்துக்கொண்டிருந்த நேரம். சாலமாண்டர் யார், மாநாடு கூட்டியவர் யார் என்று அன்றைய வாசகர்களுக்கு விளக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.

கதவு மூடிய நாட்கள்

1935-இல், பதினைந்து ஆண்டுப் பழக்கத்துக்குப்பின், நாடக நடிகை ஓல்காவை மணந்துகொண்டார் சாப்பெக். நோய் காரணமாகத் தள்ளிப்போன கல்யாணம். சேர்ந்து வாழ்ந்தது மூன்று ஆண்டுதான்.

1937-இல் 'வெள்ளை நோய்' என்ற நாடகம். கொள்ளைநோய்க்கு மருந்து கண்டுபிடித்த ஒரு டாக்டர் ஏழைகளுக்கு மட்டும் சிகிச்சை செய்கிறார். பணக்காரர்களும் ஆட்சியாளர்களும் போரை நிறுத்தினால்தான் அவர்களுக்கு மருந்து என்கிறார். சர்வாதிகாரிக்கே நோய் வருகிறது. அவன் இறங்கி வருகிறான். மருந்துப் பெட்டியோடு டாக்டர் போகிறார். வழியில் போர்வெறி பிடித்த கூட்டம் அவரை மிதித்துக் கொன்றுவிடுகிறது. மருந்தும் நொறுங்குகிறது. மேலே உள்ளவர்களை மட்டும் குறை சொல்லிவிட்டுக் கூட்டத்தை விட்டுவிடவில்லை சாப்பெக்.

1938 செப்டம்பர் கடைசியில் மூனிக் நகரில் ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், பிரான்ஸ் நான்கு நாடுகளும் கூடின. செக்கோஸ்லோவாகியாவின் எல்லைப் பகுதியை ஹிட்லருக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தன. யாருடைய நாட்டை வெட்டுகிறார்களோ அவர்களுக்கு மேசையில் இடமே இல்லை. இங்கிலாந்தைப் பற்றி அன்போடு ஒரு புத்தகமே எழுதிய சாப்பெக்குக்கு அது நெஞ்சில் விழுந்த அடி. ஏழு முறை நோபல் பரிசுக்குப் பெயர் முன்மொழியப்பட்டவர் அவர். வெளிநாட்டுக்குப் போயிருந்தால் கதவைத் திறந்துவிடப் பலர் காத்திருந்தார்கள். போய்விடு என்று நண்பர்கள் கெஞ்சினார்கள். அவர் போகவில்லை. நாட்டுக்குள்ளேயே சிலர் அவரைக் காட்டிக்கொடுத்தவன் என்று ஏசினார்கள். பெயர் போடாத வசைக் கடிதங்கள் வீட்டுக்கு வந்தன. சிரிக்கவைத்த மனிதரின் சிரிப்பு நின்றுபோனது.

குளிர்காலம் வந்தது. சளிக் காய்ச்சல் நிமோனியாவாக மாறியது. 1938 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள் மாலையில் காரல் சாப்பெக் காலமானார். வயது 48.

1939 மார்ச்சில் ஜெர்மன் படை பிராக் நகருக்குள் புகுந்தது. ரகசியப் போலீஸ் தேடவேண்டியவர்கள் பட்டியலில் சாப்பெக்கின் பெயரும் இருந்தது. அவரைப் பிடிக்க வீட்டுக்கு வந்தார்கள். அவர் இறந்து மூன்று மாதம் ஆகப்போகிறது என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை! ஆனால் அண்ணன் தப்பவில்லை. 1939 செப்டம்பர் முதல் நாள் யோசெப்பைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாம் என்று ஐந்தரை ஆண்டுக்குமேல். 1945 ஏப்ரலில், விடுதலை வாசலுக்கு வந்துவிட்ட நேரத்தில், பெர்கன் பெல்சன் முகாமில் அவர் உயிர் பிரிந்தது. எந்த நாள் என்றுகூடத் தெரியாது. ரோபோ என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்த அந்த வாய், கட்டாய உழைப்பு முகாமிலேயே மூடியது. இதைவிடக் கொடுமையான கதையை அந்தத் தம்பியால்கூடக் கற்பனை செய்திருக்க முடியுமா?

நமக்கு விட்டுப்போனது

2021-இல் ரோபோ நாடகத்துக்கு நூறு வயது நிறைந்தது. இன்று நினைப்பதுபோலக் கணக்குப்போடும் எந்திரமும், எழுதும் எந்திரமும் வந்துவிட்டன. வேலை போய்விடுமோ என்ற பயம் ஆலையிலும் இருக்கிறது, ஆபீசிலும் இருக்கிறது. பயப்படுகிறவர்களுக்கு சாப்பெக் சொல்லிவைத்தது ஒன்று உண்டு. எந்திரம் மனிதனைப் போல ஆவதைப் பற்றி மட்டும் அவர் கவலைப்படவில்லை. மனிதனை எந்திரத்தைப் போல நடத்துகிற கணக்கைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டார். பாட்டையும் கண்ணீரையும் கழித்துவிட்டு வேலையை மட்டும் எடுத்துக்கொள்கிற கணக்கு அது.

மாணவமணிகளே! இன்று மேடையேறிப் பரிசு வாங்குகிறவர்களும் இருக்கிறீர்கள், கீழே உட்கார்ந்து கைதட்டுகிறவர்களும் இருக்கிறீர்கள். ஒரு பள்ளியை விட்டு வெளியேறிய பையன், முதுகு வளையாத நோயாளி, யாரும் பேசாத சின்ன மொழி என்று உலகம் ஒதுக்கிய மொழியில் எழுதியவர், அந்த மொழியிலிருந்து ஒரு சொல்லை எடுத்து உலகத்தின் எல்லா மொழிகளுக்குள்ளும் வைத்துவிட்டார். நம் மொழி சின்னது, நம் பள்ளி சின்னது என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

பெற்றோர்களே! இனி உங்கள் பிள்ளை ரோபோ பொம்மை கேட்டால், முடிந்தால் வாங்கிக்கொடுங்கள். கூடவே அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். அதை விளக்க உங்களைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை.